வாலட் கட்டளைக் கருவிக்குத் தமிழில் உத்தரவு: தொகையும் கட்டணமும் தவறாகப் போகின்றன, உதவி தேவை

கருந்திரை:
பிட்காயின் வாலட்டை நடத்தும் மென்பொருளான பிட்காயின் கோரின் கட்டளைக் கருவியைச் சாதாரணத் தமிழில் இயக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதியிருக்கிறேன். நான் தட்டச்சு செய்வதை, என் கணினியிலேயே ஓடும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) ஒன்று படித்துக் கட்டளை வரியாக மாற்றும். நிரல் அதை அப்படியே ஓட்டிவிடும். இப்போதைக்கு ரெக்டெஸ்ட் என்ற சோதனை வலையில்தான், நிஜக் காசு எதுவும் இல்லை.

இருப்பு கேட்பது, புது முகவரி எடுப்பது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அனுப்பும்போதுதான் சிக்கல். "ஒன்றரை லட்சம் சடோஷி அனுப்பு, கட்டணம் 5" என்று கொடுத்தேன். முதலில் பிழை எண் -6, போதிய இருப்பு இல்லை என்றது. வாலட்டில் 50 பிட்காயின் இருக்கிறது! சடோஷி என்ற சிற்றலகை பிட்காயினாக மாற்றச் சொல்லி மாதிரிக்கான அறிவுறுத்தலில் சேர்த்தேன். இப்போது 'ஃபீ எஸ்டிமேஷன் ஃபெயில்ட்' (கட்டணத்தை மதிப்பிட முடியவில்லை) என்று நின்றுவிடுகிறது. கட்டணத்தை நான்தான் சொல்லிவிட்டேனே, அப்புறம் எதை மதிப்பிடப் பார்க்கிறது?

நேர்வரி:
முதல் பிழைக்குக் காரணம் அலகு. காசு அனுப்பும் 'சென்ட் டு அட்ரஸ்' கட்டளை தொகையை பிட்காயினில்தான் எடுத்துக்கொள்ளும். 1 பிட்காயின் 10 கோடி சடோஷி, ஆகவே நீங்கள் சொன்னது 0.0015. மாதிரி 150000 என்றே கொடுத்திருக்கும்.

இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. ஓட்டும் முன் அந்த வரியை அச்சிட்டுப் பாருங்கள். கட்டளைக்குக் கொடுக்கும் மதிப்புகளின் வரிசையில் உங்கள் 5 அநேகமாக ஏழாவது இடத்தில், 'கான்ஃப் டார்கெட்'டாக உட்கார்ந்திருக்கும். அதற்கு "5 பிளாக்குக்குள் (பரிவர்த்தனைகள் பதிவாகும் தொகுப்புகள்) உறுதியாகிற அளவு கட்டணம் நீயே பார்த்துப் போடு" என்று அர்த்தம். ரெக்டெஸ்டில் மதிப்பிடத் தரவு இல்லாததால் பிழை வந்தது. நிஜக் காசு ஓடும் மெயின்நெட்டாக இருந்தால் சத்தமே இல்லாமல் வேறு ஏதோ கட்டணத்தில் போயிருக்கும். ஒரு வி-பைட்டுக்கு (பரிவர்த்தனையின் அளவை எண்ணும் அலகு) இத்தனை சடோஷி என்று சொல்லும் 'ஃபீ ரேட்' பத்தாவது இடம். இடத்தை எண்ணும் வேலையை மாதிரியிடம் விடாதீர்கள். 'நேம்ட்' தெரிவு போட்டு, ஒவ்வொரு மதிப்பையும் பெயரோடு கொடுங்கள்.

கருந்திரை:
அச்சிட்டுப் பார்த்தேன், ஏழாவது இடமேதான். பெயரோடு கொடுத்ததும் போய்விட்டது, மிக்க நன்றி. ஆனால் பத்து முறை ஓட்டியதில் ஒரு முறை முகவரி செல்லாது என்று வந்தது, கடைசி எழுத்தைக் காணோம். "முகவரியை அப்படியே நகலெடு" என்று அறிவுறுத்தலில் அழுத்திச் சொன்னால் போதுமா?

மறைசாவி:
போதாது. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். எழுத்து விட்டுப்போனதை முகவரியில் உள்ள செக்சம் (பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எழுத்துகள்) பிடித்துவிட்டது, நல்லது. ஆனால் உரையாடலில் முன்பு வந்த வேறொரு முகவரியை மாதிரி எடுத்துப் போட்டால்? அது முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி, எந்தச் செக்சமும் தடுக்காது. போன காசு திரும்பாது.

முகவரி மாதிரியின் கண்ணிலேயே படக்கூடாது. பெயர்களும் முகவரிகளும் உள்ள பட்டியலை உங்கள் நிரல் வைத்துக்கொள்ளட்டும். மாதிரி கட்டளை எழுதவும் வேண்டாம். செயல், பெயர், தொகை, அலகு, கட்டண விகிதம் என்று சில கட்டங்களை மட்டும் ஜேசன் என்ற தரவு வடிவில் நிரப்பட்டும். அலகு மாற்றத்தை நிரல் முழு எண்ணாகச் செய்யட்டும், ஃப்ளோட் (தோராயமான தசம எண்) வேண்டாம். கட்டளையை ஷெல் வழியாக ஒரே சரமாக அனுப்புகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்தி, மதிப்புகளைத் தனித்தனியாகக் கொடுங்கள்.

இன்னொன்று, இது தமிழுக்கே உரியது. "கட்டணம் போக ஒன்றரை லட்சம் அனுப்பு" என்றால் என்ன? கட்டணத்தைக் கழித்து மீதியை அனுப்புவதா, கட்டணம் தனியாக, ஒன்றரை லட்சம் முழுதாகப் போவதா? நான் இரண்டு விதமாகவும் பேசுவேன். 'சப்ட்ராக்ட் ஃபீ' என்ற தெரிவு இதைப் பொறுத்துத்தான் மாறும். இங்கே மாதிரி ஊகிக்கக்கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும். கால், முக்கால், ஒன்றேகால் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள்.

நேர்வரி:
இதோடு சேர்த்து, நேராக அனுப்புவதையே விட்டுவிடுங்கள். 'வாலட் கிரியேட் ஃபண்டட் பிஎஸ்பிடி' என்ற கட்டளை கையொப்பமில்லாத பரிவர்த்தனையைத்தான் உருவாக்கும், எங்கும் போகாது. அதை 'டிகோட் பிஎஸ்பிடி'யில் பிரித்து, யாருக்கு எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று திரையில் காட்டுங்கள். மாதிரி சொல்லும் சுருக்கத்தைக் காட்டாதீர்கள், பிரித்தெடுத்ததையே காட்டுங்கள். நிரல் தொடும் வாலட்டில், கையொப்பமிடத் தேவையான தனிச் சாவி இருக்க வேண்டாம். பார்வைக்கு மட்டுமான வாலட்டை வைத்துக்கொண்டு, கையொப்பத்தை வேறு இடத்தில் போடுங்கள்.

கருந்திரை:
இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டேன். நாற்பது வாக்கியங்கள் கொடுத்துப் பார்த்ததில் "ஒன்றேமுக்கால் லட்சம்" மட்டும் ஒருமுறை 1,07,500 ஆனது. பிரித்துக் காட்டிய திரையில் உடனே தெரிந்ததால் கையொப்பம் போடவில்லை. எண்ணுச்சொற்களை மாதிரியிடமிருந்து எடுத்து, என் நிரலுக்கே கொண்டுவந்துவிட்டேன். "கட்டணம் போக" என்றால் இப்போது திருப்பிக் கேட்கிறது.