கிகாலியில் ஏப்ரல் 7 நினைவேந்தல்: பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டிருக்கிறார், மகளையும் அழைத்துப் போகலாமா?

கிகாலிக்குப்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து ஜனவரியில் குடும்பத்தோடு ருவாண்டா வந்தோம். மகளுக்கு 13 வயது, கிகாலியிலேயே பள்ளியில் சேர்த்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மா தனியாக இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 1994-ல், ஹுட்டு தீவிரவாதிகள் டுட்சி இன மக்களைக் கொன்று குவித்த இனப்படுகொலையில், கணவரையும் பிள்ளைகளையும் இழந்தவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாழைப்பழத் தாரோடு வருவார், என் மகளிடம் சிரிப்பார், போய்விடுவார். போன வாரம் அவரே வந்து, ஏழாம் தேதி நம் பகுதிக்காரர்கள் எல்லோரும் கூடுவோம், நீங்களும் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகலாமா? போனால் எப்படி இருக்க வேண்டும், எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது? மகளை அழைத்துப் போவது சரியா? பள்ளியிலிருந்து நினைவிடத்துக்கும் கூட்டிப் போவார்களாம். இன்னொன்று, என் கணவர் ஒன்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வருடாவருடம் கிளறிக்கொண்டே இருந்தால் காயம் எப்போது ஆறும் என்கிறார். இந்த நினைவேந்தலும் ஆலோசனைக் குழுக்களும் தப்பிப் பிழைத்தவர்களுக்கு உண்மையிலேயே உதவுகின்றனவா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஹூயே_ஆசிரியர்:

தாராளமாகப் போங்கள். அவரே வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்கிறார், அதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?

நான் தெற்கே ஹூயேயில் பாடம் எடுத்தவன். நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 7-ஆம் தேதியிலிருந்து 13 வரை துக்க வாரம். கல்யாணம், கச்சேரி, விளையாட்டுப் போட்டி எதுவும் இருக்காது, கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். பகுதிக் கூட்டம் நடக்கும் நேரத்தில் கடைகளை மூடிவிடுவார்கள், அதனால் பால் காய்கறியை முன்னாடியே வாங்கி வையுங்கள். பளிச்சென்று உடுத்த வேண்டாம். கைபேசியை எடுக்காதீர்கள். நீங்கள் ஹுட்டுவா டுட்சியா என்று யாரிடமும் கேட்காதீர்கள், அது ஏப்ரலில் மட்டுமல்ல, எந்த மாதத்திலும் கேட்கக் கூடாத கேள்வி. சாட்சியம் சொல்லும்போது சிலர் திடீரென்று அலறுவார்கள், மயங்கி விழுவார்கள், அந்த நாளுக்கே திரும்பிப் போனது போல் ஒளிய இடம் தேடி ஓடுவார்கள். செஞ்சிலுவைத் தொண்டர்களும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் பதறி எழ வேண்டாம்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். நினைவேந்தலை நிறுத்தினால் மறந்துவிடலாம் என்கிற நிலைமை அங்கே இல்லை. 2023 இறுதியில் ஹூயேயில் ஒரு வீட்டடியில் தோண்டத் தொடங்கி நூற்றுக்கணக்கானவர்களின் எச்சங்களை எடுத்தார்கள். அத்தனை வருடம் அந்த மண்ணின்மேல் மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள். 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏறத்தாழ 100 நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. சொல்கிறது, பத்து லட்சத்துக்கு மேல் என்று ருவாண்டா அரசு சொல்கிறது. கொன்றவர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள், அண்டை வீட்டுக்காரர்கள். உயிர் பிழைத்த அம்மா தினமும் அதே பாதையில்தான் தண்ணீர் எடுக்கப் போகிறார். வருடத்தில் ஒரு வாரமாவது ஊரே சேர்ந்து அவரோடு உட்கார்வது, மீதி நாட்களில் அவர் தனியாகச் சுமப்பதைக் கொஞ்சமாவது குறைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன், இது இளைஞர்களைப் பற்றியது. 1996-ல், அப்போது புட்டாரே எனப்பட்ட ஹூயேயில் இருந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் 12 மாணவர்கள் சேர்ந்து ஏஇஆர்ஜி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். எல்லோரும் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள். விடுமுறை விட்டால் போக வீடு இல்லாதவர்கள். அவர்கள் செய்தது என்ன தெரியுமா, தங்களுக்குள்ளேயே குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அப்பா, ஒரு அம்மாவைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு 22 வயது இருக்கும், பிள்ளைக்கு 20. விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் அந்த அம்மா வந்து பார்ப்பாள், மதிப்பெண் குறைந்தால் அந்த அப்பா கேட்பான், பட்டமளிப்பு விழாவில் பெற்றோர் இடத்தில் அவர்கள் நிற்பார்கள், கல்யாணத்தில் பெண்ணைக் கொடுப்பதும் அவர்கள்தான். இந்த ஏற்பாடு மற்றக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவியது.

படிப்பு முடித்துப் போனவர்கள் 2003-ல் ஜிஏஇஆர்ஜி என்று இன்னொரு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அப்பா, அம்மா, பிள்ளைகள் என ஒருவர் விடாமல் அழிந்த குடும்பங்களை ஊர் ஊராகப் போய் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். 15,593 குடும்பங்கள், 68,871 பேர். இவர்களுக்காக அழவோ விளக்கு ஏற்றவோ வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை, அதனால் அந்த இளைஞர்களே உறவாக நின்று வருடந்தோறும் அவர்களுக்கென்று தனியாக நினைவுநாள் நடத்துகிறார்கள். கிளறுவது என்று உங்கள் கணவர் சொல்வது இதைத்தான் என்றால், கிளறாவிட்டால் அந்தப் பெயர்களைச் சொல்ல உலகத்தில் ஆளே இல்லை.

மனநல_செவிலி:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய கூட்டம் மட்டுமே ஆற்றும் என்று நினைக்காதீர்கள். சிலருக்கு அது தாங்க முடியாத பாரம், அவர்கள் வீட்டிலேயே இருப்பதும் உண்டு. 2018-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பொதுமக்களில் 3.6 சதவீதம் பேருக்கு இருந்த அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தம், தப்பிப் பிழைத்தவர்களில் 27.9 சதவீதமாக இருந்தது. மருத்துவர்களை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை பேரைக் கவனிக்க எந்த நாட்டாலும் முடியாது.

அதனால்தான் 2005-ல் வடக்கே ப்யூம்பாவில் ஆங்கிலிக்கன் திருச்சபை வழியாகத் தொடங்கிய சமூக சிகிச்சைக் குழுக்களை நான் அவ்வளவு மதிக்கிறேன். ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர், வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம், 15 வாரம். நடத்துபவர்களும் அதே ஊர்க்காரர்கள், பயிற்சி பெற்றவர்கள். தப்பியவர், சிறை சென்று வந்தவர், கொலைகாரனின் மனைவி, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை, எல்லோரும் ஒரே வட்டத்தில் உட்கார்வார்கள். எடுத்த எடுப்பிலேயே நடந்ததைச் சொல்லச் சொல்ல மாட்டார்கள், இது ரொம்ப முக்கியம். முதலில் இங்கே பாதுகாப்பாக இருக்கிறோமா என்ற பேச்சு, அப்புறம் நம்பிக்கை, அப்புறம் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது, மரியாதை என்று படிப்படியாகப் போய், பழைய நினைவுகளுக்குக் கடைசியில்தான் வருவார்கள். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கக்கூட மாட்டேன் என்றிருந்தவர்கள், குழு முடிந்த பிறகு ஒருவர் நிலத்தில் இன்னொருவர் பீன்ஸ் விதைக்கப் போவதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்காது. மன்னிக்காமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு, நல்ல நடத்துநர் அதை வற்புறுத்த மாட்டார்.

இப்போது இந்தக் குழுக்களின் தேவை கூடியிருக்கிறது. கச்சாச்சா ஊர் நீதிமன்றங்கள் 2012-ல் மூடும்வரை ஏறத்தாழ 20 லட்சம் இனப்படுகொலை வழக்குகளை விசாரித்தன. அதில் நீண்ட தண்டனை பெற்றவர்கள் இந்த ஆண்டுகளில்தான் வெளியே வந்து ஊர் திரும்புகிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் வயதில் இருப்பவர்களுக்கு அது புதிய பயம்.

மகள் விஷயம். பகுதிக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள், வரவேண்டாம் என்று அவள் சொன்னால் விட்டுவிடுங்கள். கிசோசியில் இருக்கும் கிகாலி நினைவிடத்துக்கு மட்டும் முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். இரண்டரை லட்சம் பேரை அடக்கம் செய்த இடம் அது. அங்கே குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது, படத்துக்குக் கீழே பெயர், வயது, பிடித்த சாப்பாடு, எப்படிக் கொல்லப்பட்டது என்று எழுதியிருப்பார்கள். 13 வயதுப் பிள்ளை அதை யார் துணையும் இல்லாமல் பார்க்கக் கூடாது. ந்யமாட்டா தேவாலயம், முராம்பி என்ற மற்ற நினைவிடங்கள் இரண்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பள்ளியில் எந்த இடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், போவதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகளிடம் யார் பேசுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தூரத்து_வாசகன்:

நல்ல பதில்கள். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வன்புணர்வில் பிறந்த பிள்ளைகளை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1998-ல் அரசு ஏற்படுத்திய உதவி நிதி, ஏழைகளாக இருந்த தப்பிப் பிழைத்தவர்களுக்குப் படிப்பு, வீடு, மருத்துவம் என்று பெரிய வேலை செய்தது, ஆனால் 1994 முடிந்த பிறகு பிறந்தவர்கள் என்பதால் இந்தப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை. தாய்க்கு உதவி உண்டு, அந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு இல்லை. கணவரை இழந்த பெண்கள் 1995-ல் தொடங்கிய அவேகா போன்ற சங்கங்கள்தான் இந்தத் தாய்மார்களுக்குத் தோள் கொடுத்தன. அந்தத் தாய்மார்களின் எச்ஐவி மருந்துக்காக அலைந்ததும் அந்தச் சங்கத்தினர்தான்.

அப்புறம், நினைவேந்தல் பெரும்பாலும் அரசின் கையில் இருக்கிறது. கிசிடோ மிஹிகோ என்ற பாடகர், அவரே தப்பிப் பிழைத்தவர், 2014-ல் எல்லா உயிர்களுக்காகவும் துக்கப்படும் ஒரு பாட்டைப் பாடினார், அடுத்துச் சிறைக்குப் போனார், 2020-ல் காவல் நிலைய அறையில் இறந்து கிடந்தார். டுட்சி இனப்படுகொலையை மறுப்பவர்கள் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று பேசுவதும் உண்மை, அந்தப் பேச்சு ஆபத்தானது. ஆனாலும் இனப்படுகொலையில் அல்லாமல் அப்போதைய போரிலும் பழிவாங்கலிலும் செத்தவர்களின் பிள்ளைகள் எங்கே போய் அழுவார்கள் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. நீங்கள் அங்கே குடியிருப்பவர், இதைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டாம்.

கிகாலிக்குப்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. கணவரும் உட்கார்ந்து படித்தார், அவரும் வருகிறேன் என்றிருக்கிறார். கிசோசிக்கு நாங்கள் இருவரும் இந்தச் சனிக்கிழமையே போகிறோம். ஒரே ஒரு சந்தேகம், அந்த அம்மாவிடம் ஏதாவது கொடுக்கலாமா? வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

ஹூயே_ஆசிரியர்:

கூட்டத்துக்கு எதுவும் கொண்டு போக வேண்டாம். அவர் பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். 13-ஆம் தேதிக்குப் பிறகு எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், அப்போதுதான் தனியாக இருப்பவர்களுக்கு வீடு ரொம்ப வெறிச்சென்று போகும். பிள்ளைகள் எல்லோரையும் இழந்த முதிய பெண்களுக்கு ஹூயே, புகெசேரா போன்ற இடங்களில் இம்பிங்கன்சிமா என்ற இல்லங்கள் இருக்கின்றன, அங்கே இருப்பவர்களும் மாணவர்கள் வந்து போவதைத்தான் மிகவும் எதிர்பார்ப்பார்கள். உங்கள் மகளுக்குப் பள்ளி விட்டதும் அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கின்யருவாண்டா கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். சமைத்த சாப்பாடு கொண்டு போவதென்றால் அந்த இரண்டாவது வாரத்தில் கொண்டு போங்கள், காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.