குடும்பக் குழு: சித்தப்பா கடை நெட்

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா, மாலை 6:12
யாராவது இருக்கிறீர்களா? கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு நாளாக நெட் இழுக்கவே மாட்டேன் என்கிறது. நாளைக்கு 20ஆம் தேதி, ஜிஎஸ்டியில் மாதக் கணக்கு காட்டும் 3பி ரிட்டர்ன் போட வேண்டும், ஜிஎஸ்டி பக்கம் திறந்து ஓடிபி அடிப்பதற்குள் டைம் அவுட் ஆகிவிடுகிறது. லைன்காரருக்கு நாலு முறை போன் போட்டாச்சு, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்.

அஸ்தம்பட்டி அத்தை, 6:15
ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார் தம்பி.

சித்தப்பா, 6:16
பார்த்துவிட்டேன் அக்கா.

நான், 6:21
சித்தப்பா, போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரிலும் போடுங்கள்.

சித்தப்பா, 6:29
போனில் 91 எம்பிபிஎஸ். கம்ப்யூட்டரில் 4. நம் பிளான் 100.

நான், 6:30
அப்படியென்றால் லைன்காரர் சொன்னது சரி. கம்ப்யூட்டருக்குள்தான் ஏதோ அடைக்கிறது. புதிதாக எதையாவது போட்டீர்களா?

சித்தப்பா, 6:32
ஆமாம் கண்ணு. நெட் வழியாகக் கண்டது உள்ளே வராமல் காக்குமே, அந்தப் பழைய ஃபயர்வாலுக்குச் சந்தா முடிந்தது, அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்துதான் இப்படி. ஆனால் பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேனே?

ஏற்காடு அண்ணன், 6:34
எனக்கும் எஸ்டேட் ஆபீஸில் இதே மாதிரி ஆனது. ஃபயர்வாலையே அணைத்து வைத்துவிட்டேன், வேகம் வந்துவிட்டது.

நான், 6:40
அண்ணா, ஒரு நிமிடம் அணைத்துச் சோதிப்பது சரி, அப்படியே விட்டுவிடாதீர்கள். பேங்க் லாகினும் அதே கம்ப்யூட்டரில்தானே? இப்போதே விண்டோஸோடு வரும் ஃபயர்வாலையாவது ஆன் செய்யுங்கள், அதற்குக் காசு கிடையாது. உங்கள் பக்கம் கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் அதே வைஃபையில் இருக்கும் போனிலும் நெட் போய்விடும், அது வேறு.
சித்தப்பா, ஃபயர்வால் என்பது திரையில் தெரிகிற புரோகிராம் மட்டும் இல்லை. இப்படித் தனியாகப் போடுகிற பல ஃபயர்வால்கள், நெட்வொர்க் கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஃபில்டர் டிரைவர் என்ற ஒரு சல்லடையைச் செருகி, போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தகவல் துண்டையும், அதன் வழியாக அனுப்பும். சில நேரம் புரோகிராம் போன பிறகும் அந்த டிரைவர் உள்ளேயே தங்கிவிடும், அதன் மேல் புதியதும் உட்கார்ந்தால் ஒரே கொலுசை இரண்டு பேர் மாறி மாறி உரசிப் பார்த்து எடை போட்ட மாதிரிதான், நேரம் இழுக்கும். நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் வைஃபை மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். பட்டியலில் பழைய பெயர் இருக்கிறதா?

சித்தப்பா, 6:52
இருக்கிறது! டிக் அடித்தே இருக்கிறது.

நான், 6:54
அதேதான். முதலில் கணக்கு பேக்கப்பைப் பென் டிரைவில் எடுங்கள். பிறகு அந்த மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலேயே முழுதாக நீக்கும் கருவி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். வேறு தளத்தில் இறக்க வேண்டாம், அந்தப் பெயரில் வைரஸ் வைத்திருப்பார்கள். ஓட்டி முடித்து ரீஸ்டார்ட்.

சித்தப்பா, 7:25
52 வருகிறது கண்ணு!

அத்தை, 7:26
அப்பாடா.

நான், 7:28
பழைய பெயர் போய்விட்டதா பாருங்கள். மீதிக்கு ரவுட்டரிலிருந்து கேபிள் செருகிப் பாருங்கள், கம்ப்யூட்டர் உள் அறையில் இருக்கிறதே, வைஃபை சுவரைத் தாண்டி வர வேண்டும்.

சித்தப்பா, 7:41
பெயர் போய்விட்டது. கேபிளில் 93. புது ஃபயர்வால் ஆனில்தான் இருக்கிறது. லைன்காரரிடம் காலையில் சத்தம் போட்டுவிட்டேன், இப்போது போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு அண்ணன், 7:44
நானும் விண்டோஸுடையதை ஆன் செய்துவிட்டேன் தம்பி. எஸ்டேட் கம்ப்யூட்டர் பட்டியலிலும் ஒரு பழைய பெயர் இருக்கிறது, அதை எடுக்க வேண்டும்.

சித்தப்பா, 8:03
ஓடிபி வந்தது. 3பி போட்டாச்சு.