கிடை ஆட்டோடு இருக்கும் சிறுவனை மீட்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். சம்பா அறுப்பு முடிந்து பக்கத்து வயலில் எருவுக்காக ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு பையன். பதினொரு வயசுக்கு மேல் இருக்காது. நேற்று மோர் கொடுக்கப் போனேன். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, முள் குத்திய இடத்தில் சீழ் கட்டியிருக்கிறது. "எத்தனாவது படிக்கிற தம்பி?" என்றேன். "மூணாவதோட நின்னுட்டேங்க்கா" என்றான். அப்பா முன்பணம் வாங்கியிருக்கிறாராம். அது கழியும்வரை வீட்டுக்குப் போக முடியாதாம்.

அந்தத் தகப்பனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அறுப்புக்கு மெஷின் வந்தபிறகு கூலி வேலையே குறைந்துபோச்சு. மேட்டூர் திறக்கத் தாமதமானால் குறுவையும் இல்லை. வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம் என்றால் யாரிடமாவது கைநீட்டத்தான் வேண்டியிருக்கிறது.

14 வயசுக்குக் கீழே இப்படி வேலைக்கு வைப்பது குற்றம். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனும் செல்லாது. இன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கிறேன். ஆனால் பையனை மீட்டால் மட்டும் போதாதே! கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வு உதவித்தொகையும் கைக்கு வராவிட்டால், அடுத்த அறுப்புக்கு இவனையோ இவன் கூடப் பிறந்தவனையோ அனுப்புவார்கள்.

கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து இந்தச் சான்றிதழ் வாங்கிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? மனுவில் என்னென்ன எழுதணும்? விடுதியோடு சேர்க்கும் பள்ளி பக்கத்தில் தெரிந்தாலும் சொல்லுங்கள். நாலைந்து நாளில் கிடை வேறு ஊருக்கு நகர்ந்துவிடும்.