"ரயில் எங்கேப்பா?" அமெரிக்காவில் அடிமைகள் தப்பிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்ன அனுபவங்கள்

போன பிப்ரவரியில் நடந்தது. நாங்கள் இருப்பது மேரிலாந்தில். நாலாவது படிக்கும் மகன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை 'தப்பிக்கும் விளையாட்டு'. பாதிப் பேர் அடிமைகளாம், மீதிப் பேர் துரத்திப் பிடிப்பவர்களாம், மேஜைகளுக்கு அடியில் புகுந்து ஜிம்மைத் தொட்டுவிட்டால் அது கனடாவாம், அடிமைமுறை இல்லாத நாடு. எனக்குச் சுருக்கென்றது. அவன் வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். டீச்சருக்கு மெயில் போட்டேன், அவரும் யோசிக்காமல் செய்ததுதான் போல, நிறுத்திவிட்டார். மகன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். விளையாட்டைக் கெடுத்தவன் நான், அதனால் கதையைச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை சர்ச் கிரீக்கில் தானும் தப்பி, மற்ற அடிமைகளையும் தப்பவைத்த ஹாரியட் டப்மன் பெயரில் இருக்கும் மையத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் அடிமையாகப் பிறந்து வளர்ந்த டார்செஸ்டர் பகுதி அதுதான். எங்கும் சதுப்பு, நாணல், தண்ணீர். காரை விட்டு இறங்கியதும் "ரயில் எங்கேப்பா?" என்றான். அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு என்ற பெயரைக் கேட்டு எஞ்சினையும் சுரங்கத்தையும் எதிர்பார்த்து வந்திருக்கிறான், பாவம். ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை, அடிமைகள் தப்பிப்போக உதவிய ரகசிய ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர், ராத்திரியில் நடப்பார்கள், பகலில் ஒளிந்திருப்பார்கள், ஒளிய இடம் கொடுத்த வீட்டுக்குத்தான் ஸ்டேஷன் என்று பெயர், கூட்டிப்போகிறவர் கண்டக்டர் என்று விளக்கினேன். டப்மன் பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிதான் கிளம்பவைப்பார், ஓடிப்போனவரைத் தேடும் விளம்பரம் பேப்பரில் வரத் திங்கள் ஆகிவிடும் என்றதும் பையனுக்குக் கண் விரிந்தது. 1849இல் வடக்கே அடிமைமுறை இல்லாத பிலடெல்பியாவுக்குத் தப்பியவர், அப்புறம் 13 தடவை போலத் திரும்பி வந்து சுமார் 70 பேரைக் கூட்டிப்போயிருக்கிறார்.

"தப்பிச்சவங்க எதுக்குத் திரும்பி வந்தாங்க?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். குடும்பத்துக்காக என்றால், எல்லாரையும் கூட்டிப்போய்விட்டாரா என்று அடுத்த கேள்வி வரும், வந்தது. 1860 கடைசியில் தங்கை ரேச்சலைத் தேடி வந்தபோது அவள் இறந்துபோயிருந்தாள். அவள் பிள்ளைகள் இருவரையாவது மீட்க 30 டாலர் லஞ்சம் வேண்டும், டப்மன் கையில் இல்லை. அவர்களை விட்டுவிட்டு வேறொரு குடும்பத்தை, கைக்குழந்தை அழாமலிருக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, அழைத்துப்போனார். ஒன்பது வயதுப் பையனிடம் சொல்லலாமா என்று தயங்கிச் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பே பிரிட்ஜ் தாண்டும்வரை பேச்சே இல்லை. அப்புறம், "என் உண்டியல்ல 40 டாலர் இருக்குப்பா" என்றான். அன்று ராத்திரி அவன் சரியாகத் தூங்கவில்லை. அவசரப்பட்டுவிட்டேனோ?

*

சார், உங்களுக்காவது மெயில் போடத் தோன்றியது. அதே மாதிரித் தப்பைச் செய்த இன்னொரு டீச்சர் நான். வர்ஜீனியாவில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 1849இல் ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குத் தன்னையே மரப்பெட்டியில் அடைத்துப் பார்சலாக அனுப்பிக்கொண்ட ஹென்றி பிரவுன் கதையைச் சொல்ல, மூன்றடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரம் என்று அளந்து அட்டைப்பெட்டி செய்து கொண்டுபோனேன். பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி இறங்கி ஒரே சிரிப்பு. அவர் அதற்குள் 27 மணி நேரம் இருந்தார், நடுவில் தலைகீழாகவும் வைத்துவிட்டார்கள் என்றால் இன்னும் சிரிப்பு. ஒரு சிறுமி மட்டும் "அவர் ஏன் டீச்சர் தனியா போனார்?" என்றாள். முந்தின வருடம் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் வேறு மாநிலத்துக்கு விற்றுவிட்டார்கள் என்றேன். அவள் முறை வந்தபோது பெட்டிக்குள் போக மாட்டேன் என்றுவிட்டாள். இந்த வருடம் தரையில் சாக்பீஸால் அளவை மட்டும் வரைந்தேன்.

*

சின்னதாக ஒன்று. போர்வைத் தையலில் ரகசியக் குறி வைத்து வழி காட்டினார்கள் என்று பிள்ளைகளுக்கு நிறையப் பேர் சொல்கிறார்கள், வரலாற்றாசிரியர்கள் பலர் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். என் மகள் பிராஜெக்ட் செய்து முடித்த பிறகுதான் எனக்கே தெரியும், ஒரே அழுகை. அடிமையாகக் கப்பலில் வேலை பார்த்த ராபர்ட் ஸ்மால்ஸை எடுத்துக்கொள் என்றேன். 1862 மே மாதம், வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்த நேரம், தெற்கின் சார்ல்ஸ்டன் துறைமுகம், கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டைகளுக்கு வழக்கமான விசில் கொடுத்து, பிளான்டர் என்ற கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிப்போய் வடக்குப் படையிடம் சேர்ந்துவிட்டார். ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து செய்தாள். கப்பலைவிடத் தொப்பி பெரிதாக வந்துவிட்டது.