புஷ் ரொட் எஞ்சினை மாற்றினது சரியா? புல்லட் ஓட்டினவர்கள் வந்து சொல்லுங்கள்

உப்புவெளியிலிருந்து:

போன மாதம் அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகச் சென்னைக்குப் போயிருந்தேன். மனைவியின் தம்பி அங்கே ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வைத்திருக்கிறான், புது எஞ்சின் போட்டது. ஒரு ஞாயிறு விடியப்புறம் சாவியைக் கையில் வைத்து "ஓட்டிப் பாருங்கோ அத்தான், பிறகு கதைப்பம்" என்றான். மாமல்லபுரம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

வந்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. காரணம், அது நல்ல எஞ்சின். எண்பதில் போகும்போதும் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் சாரதியின் முகம் தெரிகிறது. என்னிடம் இருப்பது ஸ்ரீ இலக்கத் தகடு போட்ட பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட். அதில் அறுபதைத் தாண்டினால் கண்ணாடியில் வருவது பஸ்ஸா யானையா என்று சொல்ல முடியாது. கந்தளாய்ப் பக்கம் இரவில் ஓடியவர்களுக்கு இது பகிடி இல்லை என்று தெரியும்.

இளம் பொடியன்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. புல்லட்டின் இந்த எஞ்சின் 1949இல் இங்கிலாந்தில் பிறந்தது. 1955இலிருந்து சென்னை திருவொற்றியூர்க் கணக்கு. இங்கிலாந்துக்காரர்கள் 1970 அளவில் கடையைச் சாத்திய பிறகும் சென்னையில் நிறுத்தவில்லை. சிலிண்டர் அகலம் (போர்) 70 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடுகிற தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீற்றர், 346 சிசி. கேம், அதாவது வால்வைத் திறக்கத் தள்ளிவிடுகிற மேடு வைத்த தண்டு, கீழே இருக்கும், அங்கிருந்து இரண்டு நீளக் கம்பிகள், அதுதான் புஷ் ரொட், மேலே போய் வால்வைத் திறக்கும். கியர் பெட்டி தனி. 2008, 2009 அளவில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் போட்டார்கள், டப்பெட் (கேமுக்கும் புஷ் ரொட்டுக்கும் நடுவில் நிற்கிற துண்டு) ஒயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது, ஆனால் புஷ் ரொட் அப்படியே இருந்தது. 2020 நவம்பரில் மீட்டியோர் 350 வண்டியோடு வந்த எஞ்சினில்தான் அதுவும் போனது. கேம் சிலிண்டரின் தலைக்கு ஏறிவிட்டது, அதைச் சுற்றுவது செயின், உதறலை அடக்க ஒரு பலன்சர் ஷாஃப்ட். 72க்கு 85.8, 349 சிசி, 20 குதிரைவலு சொச்சம். பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் எல்லாம் உதறலில்தான்.

இனி என் கதை. கிண்ணியாவிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் பாலங்கள் எல்லாம் போட்டு முடிந்த புதிதில், வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது ஈச்சிலம்பற்று தாண்டி வண்டி இருமி இருமி நின்றது. இரவு எட்டு மணி இருக்கும். சைக்கிளில் வந்த ஒரு ஐயா இறங்கி, கேட்காமலே டோர்ச்சைப் பிடித்தார். பொயின்ட், அதாவது பிளக்குக்குத் தீப்பொறி அனுப்புகிற சின்ன சுவிட்ச், அதன் மூடியைத் திறந்தால் உள்ளே கரி, ஓரத்தில் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளை. பிழை என்னுடையது, கடற்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு ஆறு மாதமாக அந்த மூடியைத் தொடவே இல்லை. ஐயாவின் தீப்பெட்டியை வாங்கி, உரசுகிற பக்கத்தைக் கிழித்து மடித்து, பொயின்ட்டுக்கு இடையில் விட்டு நாலு இழுப்பு. இடைவெளிக்கு 0.4 மில்லிமீற்றர் அளவுத் தகடு தேவை, என்னிடம் இருந்தது கோயில் அர்ச்சனைச் சிட்டை. அதை மடித்து நுழைத்துப் பார்த்து ஸ்குரூவை இறுக்கினேன். பிறகு வழக்கமான பூசை: சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அமத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, டீகம்பிரஷரை (சிலிண்டருக்குள் அமுக்கத்தைத் திறந்துவிடுகிற லீவர்) இழுத்து ஒரு விரற்கடை தள்ளி, விட்டு, முழு உதை. பிடித்துக்கொண்டது. ஐயா தீப்பெட்டியைத் திருப்பி வாங்கிப் பார்த்து, "தம்பி, இனி நான் சுருட்டை எதில பத்த வைக்கிறது?" என்றார்.

சென்னையில் மச்சானிடம் கேட்டேன், இது வழியில் நின்றால் என்ன செய்வாய் என்று. போனைக் காட்டினான். அவனுக்குச் சரி. எனக்குக் கொழும்பு 260 கிலோமீற்றர். எஞ்சினுக்கு வருத்தம் வந்தால் அதை என் கையால் தொட்டுப் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி. சத்தம், கம்பீரம் பற்றிக் கதைப்பவர்கள் தனியாகக் கதையுங்கள். நீங்கள் எதை ஓட்டினீர்கள், எங்கே நின்றது, யார் திருத்தினது, அதைச் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

அண்ணன், கதை நல்லாக இருக்கிறது, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வழியில் திருத்தலாம் என்று பெருமை பேசுகிறீர்கள். வழியில் நின்றதால்தானே திருத்தினீர்கள்?

வாப்பா கராஜ் வைத்திருந்தது பாதை (வண்டிகளை ஏற்றி அக்கரை போகிற மிதவை) ஓடிய காலத்தில், துறையடியில். பாதைக்கு அரை மணி நேரம் காத்து நிற்பார்கள், எஞ்சின் ஆறிவிடும், ஏறுகிற நேரம் உதைத்தால் பிடிக்காது. பின்னால் நிற்கிற லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். வாப்பா போய் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்து இருபது ரூபாய் வாங்குவார். பாதியளவு வியாபாரம் அதுதான். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தது, அந்த வியாபாரம் போனது. அதற்காகப் பாலம் வேண்டாம் என்று வாப்பா சொன்னதில்லை.

இன்றைக்கு நான் அதே கராஜில் இருக்கிறேன். போன வருடம் ஒரு இன்ஜெக்ஷன் வண்டி (பெற்றோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது) வந்தது, எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணையும், பத்து நிமிடத்தில் திரும்பப் பிடிக்கும். வாங்கின இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், விலையைக் கேட்டவர் வண்டியை வான் பிடித்து இங்கே ஏற்றி வந்துவிட்டார். நான் ஸ்கேனரைப் போட்டேன், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வாப்பா சொல்லித் தந்த முறைதான், வயரை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிக்கொண்டே போவது. சைட் ஸ்டாண்டை இறக்கினால் எஞ்சினை அணைக்கிற சுவிட்சுக்குப் போகிற வயர் ஓரிடத்தில் மெதுமெதுவென்று இருந்தது. தோலை உரித்தால் செம்பு பச்சையாகி மாவாக உதிர்ந்தது. ஓட்டுகிறவர் களப்பு ஓரம் மீன் ஏற்றுகிறவர், உப்புத் தண்ணீர் குடித்த வயர். இரண்டு அங்குலத்தை வெட்டி, புது வயர் வைத்து ஈயம் ஒற்றினேன். இன்றுவரை ஓடுகிறது.

ஆகவே புது எஞ்சினையும் கையால் தொடலாம் நானா. கை கொஞ்சம் படிக்க வேண்டும்.

திருக்கடலூரிலிருந்து:

சத்தம் போச்சு. எனக்கு அது ஒன்றுதான் கவலை. தனியாகக் கதைக்கச் சொன்னீர்கள், கதைத்துவிட்டேன்.

சாம்பல்தீவிலிருந்து:

இந்த ஆண்கள் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அப்பாவின் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதலாம் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நான் ஸ்கூட்டர் கூட ஓடியிராத வயதில் அதில்தான் பழகினேன், நேரே அதில் பழகியதால் எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. பிறகு பாடசாலைக்குப் போய்வர ஒரு சின்ன இந்திய வண்டி வாங்கி நாலு வருடம் ஓடினேன், கால் மாறிவிட்டது. ஒரு நாள் அப்பா சுகமில்லாமல் படுத்திருக்க, மருந்து வாங்க அவசரத்தில் புல்லட்டை எடுத்தேன். மட்டிக்களி வளைவில் ஆடு குறுக்கே வந்தது. வலது காலால் பிரேக் என்று மிதித்தேன். அது மூன்றாம் கியர். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நானும் வண்டியும் கிடுகு வேலிக்குள். வீட்டுக்கார அம்மா வந்து என்னைத் தூக்கவில்லை, முதலில் வேலியைப் பார்த்தார்.

அப்பாவின் கணுக்கால் கதையும் உண்டு. அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதற்கு முதல் பொறுமையில்லாமல் உதைத்தால் கிக்கர் திரும்பி அடிக்கும். அது அடித்து, பத்துப் போட்டு, மூன்று கிழமை திண்ணையில் இருந்தார். நீங்கள் பூசை என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பூசையில் பலி கொடுப்பது கால்.

பொத்தானை அமத்தினால் பிடிக்கிற எஞ்சினைக் கண்டுபிடித்தவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும். ஆனால் அப்பா போன பிறகும் அந்த வண்டியை விற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சீனக்குடாவிலிருந்து:

பழைய டிசைன் என்றால் பின்தங்கிய டிசைன் என்று நினைக்கிறவர்களுக்கு ஹொண்டா சிஜி 125ஐக் காட்ட வேண்டும். ஹொண்டாவிடம் தலையில் கேம் வைத்த 125 ஏற்கெனவே இருந்தது. வளர்ந்துவரும் நாடுகளில் ஆட்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று போய்ப் பார்த்தார்கள். ஒயில் மாற்றுவதே இல்லை, கறுத்துக் குழம்பாகும் வரை ஓடுகிறார்கள், மேலே இருக்கிற கேமுக்கு ஒயில் ஒழுங்காகப் போய்ச் சேராமல் தேய்கிறது. 1970களின் நடுவில் அவர்கள் செய்தது என்ன? கேமைக் கீழே இறக்கி, புஷ் ரொட்டுக்குத் திரும்பிப் போனார்கள், வேண்டுமென்றே. பாகிஸ்தானில் இன்னும் அந்த எஞ்சினோடு புது வண்டி வாங்கலாம்.

என் கணக்கு இதுதான், எஞ்சினைத் தீர்மானிக்க வேண்டியது ஒயில் மாற்றுகிறவனின் குணம். ஒழுங்காக மாற்றுவாயா, தலையில் கேம் எடு. மாற்றமாட்டாயா, புஷ் ரொட். எங்கள் ஊரில் எத்தனை பேர் மாற்றுகிறார்கள் என்று கிண்ணியாத் தம்பி சொல்லட்டும்.

கிண்ணியாவிலிருந்து:

அதை மட்டும் கேட்காதீர்கள். போன கிழமை ஒரு வண்டியின் ஒயில் போல்ட்டைக் கழற்றினேன், ஒயில் வரவில்லை. குச்சி விட்டுக் கிண்டிய பிறகுதான் வந்தது.

மூதூரிலிருந்து:

நீங்கள் எல்லாரும் பெற்றோல் இருக்கிற காலத்து ஆட்கள். 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போனோம். அங்கே பெற்றோல் தடை, போத்தலில் விற்பார்கள், விலை கேட்டால் நடந்து போகலாம் என்று தோன்றும். மாமாவிடம் ஹொண்டா சி 90. மண்ணெண்ணெயில் ஓட்டினார். சேலைன் குழாய் பொருத்திய சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதை எஞ்சின் மூச்செடுக்கிற வாயில் சொட்டு சொட்டாக விட்டு உதைப்பது, பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஏறிக்கொள்ளும். பின்னால் இருந்து போனால் சட்டை முழுக்கக் குப்பி விளக்கு மணம். பிளக் கரி பிடிக்கும், ஒயில் தண்ணீராகிவிடும், எஞ்சின் பாவம், ஆனாலும் ஓடியது. அந்தப் பொறுமை எந்த எஞ்சினுக்கு இருக்கிறதோ அதுதான் என் எஞ்சின், கேம் மேலேயா கீழேயா என்று நான் பார்ப்பதில்லை. சி 90க்குக் கேம் தலையில்தான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது அதைத்தான் நினைத்தேன். பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். எனக்கு முன்னால் ஒரு புல்லட்காரர், வரிசை நகர நகர அந்த இரும்பை வெயிலில் தள்ளிக்கொண்டு போனார், நான் என் சின்ன ஹொண்டா எம்டி 90ஐ ஒரு விரலால் தள்ளினேன். நாலு லீற்றரில் நான் கிழமை முழுக்க ஓடினேன். அவர் வியாழக்கிழமையோடு சைக்கிள். அந்த நேரம் அவரிடம் புஷ் ரொட் பற்றிக் கேட்டிருந்தால் அதைக் கழற்றியே அடித்திருப்பார்.

உப்புவெளியிலிருந்து:

மூதூர் அண்ணை, அந்தப் புல்லட்காரர் நான்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீலச் சாரம், தலையில் ஈரத் துவாய் என்றால் நான்தான்.

கிண்ணியாத் தம்பி கேட்டது சுட்டது. வழியில் நின்றதால்தான் திருத்தினேன், உண்மை. சென்னை வண்டி அன்று நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் ஓடியும் எதையும் திருத்த வேண்டி வரவில்லை, எரிச்சல் அதனால்தான் என்று இப்போது விளங்குகிறது. இங்கே வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது, ஆகவே எனக்கு இவ்வளவு நாளும் ஆசைப்படவே வழி இருக்கவில்லை, அது ஒரு நிம்மதி. இப்போது மனைவி விலை கேட்கத் தொடங்கிவிட்டாள், தம்பியின் வண்டியில் பின்னால் இருந்து வந்தவள், முதுகு நோகவில்லையாம்.

எப்படியோ, இந்த ஞாயிறு டப்பெட் பார்க்கிற முறை. வலது பக்கச் சின்ன மூடி, நடுவில் ஒரு நட். எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டனைக் கம்பிரஷனில் மேலே கொண்டுவந்து வைத்து, புஷ் ரொட்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பேன். லேசாகச் சுற்ற வேண்டும், மேலே கீழே அசையக் கூடாது. இறுகினால் கால் சுற்று இளக்கம், ஆடினால் கால் சுற்று இறுக்கம். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற வேலை, நான் ஒரு காலைப்பொழுது முழுக்கச் செய்வேன். விசயம் என்னவென்றால், அந்த மூடிக்கு வைக்கிற கார்க் கேஸ்கெட் உடைந்துவிட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?

கிண்ணியாவிலிருந்து:

வாப்பாவின் பிஸ்கட் தகரத்தில் இரண்டு கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வாங்க. பாலத்தால் வாங்க, வழியில் நின்றால் போன் அடியுங்கள்.