'செகுலா': பரிகாரமா, பேற்றுமுறையா?

அன்புள்ள குழுவினர்க்கு,

நற்பலன் வேண்டியோ தீங்கைத் தடுக்கவோ யூதர்கள் கைக்கொள்ளும் வழக்கத்தைக் குறிக்கும் 'செகுலா' என்ற எபிரேயச் சொல்லுக்கு, நம் கட்டுரையில் தமிழாகப் 'பரிகாரம்' என்றே வைத்துவிடலாம் என்று நண்பர் எழுதியிருந்தார். சொல் பழகியதுதான், ஆயினும் பரிகாரம் என்றால் அதற்கு முன்னே ஒரு தோஷமோ குற்றமோ இருந்தாக வேண்டும். செகுலாவுக்கு அது தேவையில்லை. பாஸ்கா முடிந்து வரும் முதல் ஓய்வுநாளுக்கான ஹல்லா ரொட்டியைச் சாவி வடிவில் பிசைந்தோ, மாவின்மேல் வீட்டுச் சாவியை அழுத்தித் தடம் பதித்தோ சுடும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத) மரபினர், பிழைப்புக்கு வழி திறக்க வேண்டும் என்றே அதைச் செய்கிறார்கள். எதையும் கழிப்பதற்காக அல்ல.

யாத்திராகமம் 19:5-இல் வரும் இதே சொல்லைப் பழைய தமிழ் விவிலியம் 'சொந்த சம்பத்து' என்று பெயர்த்துள்ளது. அங்கே அதன் பொருள் போற்றி வைத்த உடைமை. இடைக்காலத்தில் அது மருத்துவத்துக்குள் நுழைந்து, சூடு, குளிர்ச்சி முதலிய குணங்களால் விளக்க முடியாத, ஒரு பொருளுக்கே உரிய தனியாற்றலைக் குறித்தது. காந்தம் இரும்பை இழுப்பது அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. நம் சித்த மருத்துவத்தில் சுவை, குணம், வீரியம், பிரிவு (செரித்தபின் விளையும் சுவை) ஆகிய நான்கிலும் அடங்காத விளைவை 'மகிமை' என்பார்கள். இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது என்பேன். ஆனால் விவிலியத் தமிழில் 'மகிமை' ஏற்கெனவே 'காவோத்' என்ற வேறோர் எபிரேயச் சொல்லுக்குப் போய்விட்டதால், யூத சமயம் பற்றிய கட்டுரையில் அதை வைத்தால் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே 'பேற்றுமுறை' என்பதை முன்மொழிகிறேன். பேறு என்பது பெற்ற உடைமையையும் குறிக்கும், மகப்பேறு போன்ற நற்பலனையும் குறிக்கும். செகுலாவின் இரு பொருள்களும் அதில் நிற்கின்றன. 'பிழைப்புக்கான பேற்றுமுறை' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. பெத்லகேமில் ராகேலின் கல்லறையைச் சுற்றியெடுத்த சிவப்பு நூலை இடது மணிக்கட்டில் கட்டுவதை 'கண்ணேறு தடுக்கும் பேற்றுமுறை' எனும்போது சற்று இழுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். (விரலில் சிவப்பு நூல் கட்டுவதை 'எமோரியரின் வழி', அதாவது புறச்சமயத்தாரின் மூடவழக்கம், என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான தொசெஃப்தாவே விலக்கியிருப்பதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.)

எழுதி அணியும் காப்பான 'கமேயா'வுக்குத் 'தாயத்து' தயங்காமல் பொருந்தும். தேர்ந்தவர் எழுதிய தாயத்தை ஓய்வுநாளில் அணிந்து வெளியே செல்லலாம் என்கிறது யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. மூன்று முறை குணப்படுத்தியதே தேர்ந்த தாயத்து என்று அதன் விரிவுரையான தல்மூது அளவு வைக்கிறது. நமக்கு இருக்கவே இருக்கிறது, 'கைகண்ட தாயத்து'.

ஆனால் 'மெசூசா'வைத் தாயத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது வேதக் கட்டளை. உபாகமத்தின் இரு பகுதிகளைத் தோலில் 22 வரிகளாக எழுதிச் சுருட்டி, உள்ளே நுழைகையில் வலப்புறம் வரும் நிலைக்காலில் பதிப்பது. அதனுள் தேவதூதர் பெயர்களை எழுதிக் கட்டளையைத் தாயத்தாக்கியவர்களை, 1204-இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். தமிழ் விவிலியமும் 'வீட்டு நிலைகளில்' எழுதுவாயாக என்பதால், 'நிலைச்சுருள்' போதும்.

காப்புக்கு உரியவற்றை மட்டும் 'காப்புமுறை' எனப் பிரிக்கலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். எபிரேயத்தில் நற்பலனுக்கான முறை, காப்புக்கான முறை இரண்டுக்கும் 'செகுலா' என்ற ஒரே சொல்தான். ஆகையால் எனக்கு அதில் உடன்பாடில்லை.