மறு: அறுவைக்கு முந்தைய ‘ரொட்டீன்’ பரிசோதனை – கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கண்புரை நோயாளிகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அறுவைக்கு முன் செய்யும் ‘ரொட்டீன்’ பரிசோதனையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது மட்டும் இத்தனை மடல்களுக்குப் பிறகும் இழுபறியில் நிற்கிறது.

> ‘முன்னறுவைச் சோதனை’ சுருக்கமானது. இல்முன் என்பது முன்றில் ஆகவில்லையா?

ஐயா, முன்றில் இலக்கணப்போலிதான் (முன்பின்னாக மாறியும் அதே பொருள் தரும் சொல்), மறுக்கவில்லை. ஆனால் முன்வினை, முன்பிறவி என்று பழகிய காதுக்கு முன்னறுவை என்றால் முன்பு செய்துகொண்ட அறுவை. படிவத்தில் அப்படிக் கேட்டால் குடல்வால் எடுத்த ஆண்டைத்தான் எழுதுவார்கள்.

> ‘அறுவை’ என்றாலே மாணவர்கள் சிரிக்கிறார்கள். இலங்கையைப் போலச் சத்திரசிகிச்சை என்போம்.

இலங்கைப் பதிப்புக்கு அப்படியே போடலாம். ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால்’ என்று குலசேகராழ்வார் பாடிய வினையை இங்கே கைவிட எனக்கு மனம் வரவில்லை.

என் மல்லுக்கட்டு, ‘ரொட்டீன்’ என்பதற்குப் பெரும்பான்மையோர் சொல்லும் ‘வழக்கமான’ என்ற சொல்லோடுதான். நான் ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். சென்ற வாரம் ஒரு பாட்டி கையை நீட்ட மறுத்தார். “வழக்கமாக எடுப்பதைப் போன மாதமே எடுத்துவிட்டேனே அம்மா” என்று சுருக்குப்பையிலிருந்து நான்காக மடித்த சர்க்கரைச் சீட்டை விரித்துக் காட்டினார். அவர் சொன்னது அவருடைய வழக்கம். நாம் எழுதுவது மருத்துவமனையின் வழக்கம்.

அறிகுறி உண்டா இல்லையா என்று பாராமல் எல்லோருக்கும் ரத்த அணுக்கள், சர்க்கரை, இ.சி.ஜி. பார்ப்பதே இங்கே ‘ரொட்டீன்’. அமெரிக்காவிலும் கனடாவிலும் 19,000-க்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை வைத்து நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. சோதித்த பிரிவிலும் சோதிக்காத பிரிவிலும் 1,000 அறுவைக்கு ஏறத்தாழ 31 சிக்கல்கள், வேறுபாடே இல்லை. இதைக் கையேட்டில் ‘வழக்கமான பரிசோதனையால் பயனில்லை’ என்று எழுதினால், அந்தப் பாட்டி மாதச் சர்க்கரைச் சோதனையையே நிறுத்திவிடுவார்!

> ‘உற்றான் அளவும் பிணியளவும்’ பார்க்கச் சொன்னது குறள். பாராமல் செய்வதால் ‘பிணிபாராச் சோதனை’.

அழகான ஆக்கம், பொருளும் சரி. ஆனால் நோயாளி “நோயைப் பார்க்காத சோதனை எதற்கு?” என்பாரே.

கையேட்டில் ‘அறுவைக்கு முன் எல்லோருக்கும் எடுக்கும் பரிசோதனை’ என்று நீட்டியே எழுதுகிறேன். அது விளக்கம், கலைச்சொல் அன்று என்ற மறுப்பை ஏற்கிறேன். சொற்பட்டியலில் பெரும்பான்மைப்படி ‘வழக்கமான’ இருக்கட்டும். பக்கத்தில் என் மாற்றுக்கருத்தையும் பதியுங்கள்.